ஃபேக்டோரியலை கழட்டிட்டு காமாவ மாட்டுனா

ஈ பவர் எக்ஸோட சீரிஸ்ல கீழ கே ஃபேக்டோரியல் இருக்கும்ல, அத தூக்கிட்டு காமா ஆஃப் (ஆல்ஃபா கே + 1)னு போட்டா (காமாங்கறது ஃபேக்டோரியல முழு எண் இல்லாததுக்கும் நீட்டுற ஃபங்ஷன், ஆல்ஃபா நாம எடுத்துக்குற ஒரு எண்) வர்றதுதான் மிட்டாக்-லெஃப்லர் ஃபங்ஷன், 1903ல ஸ்வீடன்காரர் கோஸ்டா மிட்டாக்-லெஃப்லர் கொண்டு வந்தது. (கணக்குக்கு நோபல் இல்லாததுக்கு இவரோட காதல் தகராறுதான் காரணம்னு ஒரு கதை சுத்துது, ஆதாரம் எதுவும் கெடையாது, விடுங்க.)

உள்ள போடுற எண்ண இஸட்னு வெச்சுப்போம். ஆல்ஃபா 1னா பழைய ஈ பவர் இஸட். 0னா வெறும் ஜியாமெட்ரிக் சீரிஸ், அதுவும் இஸட்டோட அளவு 1க்குள்ள இருந்தாதான். ஆல்ஃபா 2 வெச்சு இஸட் எடத்துல மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் போட்டா காஸ் எக்ஸ் வந்து நிக்குது!

நம்ம பீச் ரோட்டு போர்ட் ட்ரஸ்ட்ல கிளார்க்கா இருந்த ராமானுஜன், அந்த வேலைய விட்டப்புறம் 1913, 14ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு குடுத்த ரிப்போர்ட்லயும் இதே குடும்பத்து வேலதான், சீரிஸ்ல கே இருக்குற எடத்துல மைனஸ் எஸ்ஸ (எஸ்ங்கறது அந்த இன்டெக்ரல்ல எக்ஸோட பவர்ல வர்ற எண்) போட்டு காமா ஆஃப் எஸ்ஸால பெருக்கி இன்டெக்ரலுக்கு விடைய எடுத்துருவாரு.

எனக்கு புடிச்சது ஆல்ஃபா 0க்கும் 1க்கும் நடுவுல இருக்குறதுதான். காசிமேட்டுல மீன் வாங்கிட்டு வந்தா கவிச்சி பாதி சட்டுனு போயிடும், மீதி நாளு பூரா சட்டையிலயே ஒட்டிட்டு இருக்கும்ல, அந்த மாதிரி. ஆல்ஃபா அரைன்னு வெச்சு உள்ள மைனஸ் ரூட் டி போடுங்க, டிங்கறது நேரம். டி 0.01ல இது 0.90க்கு எறங்கிருக்கும், ஈ பவர் மைனஸ் டி இன்னும் 0.99லயே நிக்கும். டி 10ல ஈ கிட்டத்தட்ட காலி, 0.000045, ஆனா இது 0.17ல குந்திட்டு இருக்கு. காரணம் என்னன்னா ஈ-க்கு பழசு எதுவும் ஞாபகம் இல்ல, இப்ப எவ்ளோ இருக்கோ அத மட்டும் பாத்து கொறையும், இதுவோ ஃப்ராக்ஷனல் டெரிவேட்டிவ் (முழுசா ஒரு தடவ இல்லாம அரை தடவ மாதிரி எடுக்குற டெரிவேட்டிவ்) சமன்பாட்டோட விடை, அந்த டெரிவேட்டிவ் ஆரம்பத்துலேந்து நடந்த எல்லாத்தயும் கணக்குல சேத்துக்கும். அதனால ஈ-ல பவர கூட்டுனா பெருக்கலா பிரியுற வசதி இங்க செல்லாது, அது போனது எனக்கு கொஞ்சம் கடுப்புதான்.

கம்ப்யூட்டர்ல போட்டு பாக்குறவங்க பெரிய டி-க்கு சீரிஸ நேரா கூட்டாதீங்க, ப்ளஸ்ஸும் மைனஸும் பெருசு பெருசா வந்து அடிச்சிக்கிட்டு குப்பையா விடை வரும், 1ஐ ரூட் (π × டி)யால வகுத்தாலே ஏறக்குறைய வந்துடும், டி 10க்கு 0.178.