பதினாறாம் நாள் பேச்சு

எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டால், பிள்ளைகள் இனி யாரிடம் வளர்வது என்பது பெரும்பாலும் கருமாதி அன்றுதான் முடிவாகிறது. சடங்கு முடிந்து, பந்தி முடிந்து, தூரத்து உறவினர்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிய பிறகு நெருங்கிய சொந்தங்கள் மட்டும் திண்ணையில் உட்காருவார்கள். பெரியவனை மாமா கூட்டிப் போகட்டும், கைக்குழந்தை ஆயாவிடம் (பாட்டியிடம்) இருக்கட்டும், நடுவில் உள்ள பெண்ணை அத்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று பேச்சு போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. தன் வீட்டில் எத்தனை வாய், வாரக்கூலி எவ்வளவு, மழைக்காலத்தில் வேலை இருக்குமா என்று அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, தாங்க முடிந்ததை ஏற்றுக்கொள்கிறார்கள். அரசு தரும் உதவித்தொகை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அப்படி ஒன்று இருப்பது அந்தத் திண்ணையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

குழந்தைகள் நலக் களப்பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஓர் எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. உறவினர் வளர்க்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு பணம் தருகிறோம் என்று நிறையப் பேசுகிறோம். எப்போது தருகிறோம் என்று பேசுவதில்லை. அந்தத் திண்ணைப் பேச்சுக்கு முன்பே "மாதம் இவ்வளவு வரும்" என்று சொல்ல ஆள் இருந்தால், அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்திருப்பார்கள் என்று நான் வருந்திய குடும்பங்கள் பல.

திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் வரும் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. 2022இல் புதிய நெறிமுறைகள் வருவதற்கு முன் இது 2,000 ரூபாயாக இருந்தது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், கணவரை இழந்த அல்லது கணவரால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உயிர்க்கொல்லி நோயால் முடங்கிய பெற்றோரின் பிள்ளைகள் இதில் வருவார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தரவேண்டும். கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியும் உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளோடு, ஒருவர் இறந்து மற்றவரால் வளர்க்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். எங்கள் வேலையில் மிகவும் தவிக்க வைப்பவர்கள் அந்த இரண்டாவது வகைப் பிள்ளைகள்தான்.

குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஓர் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் நோயில் இறந்துவிட்டாள். மருமகன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேலைக்கென்று வெளிமாநிலம் போனவர். அதன்பின் தகவல் இல்லை. இரண்டு பேரப்பிள்ளைகள். மகளுக்கு இறப்புச் சான்று இருக்கிறது. மருமகனுக்கு என்ன காட்டுவது? காணவில்லை என்று காவல் நிலையத்தில் யாரும் புகார் கொடுக்கவில்லை. கணவன் என்றைக்காவது வந்துவிடுவான் என்று காத்திருந்த பெண் எப்படிப் புகார் கொடுப்பாள்? ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழு ஆண்டு என்றால் பள்ளிப்படிப்பே முடிந்துவிடும்.

முறத்தை மடியில் வைத்தபடியே அவர் என்னைக் கேட்டார்: "என் மகள் பெற்ற பிள்ளைகளை வளர்ப்பதற்கு நான் கூலி வாங்க வேண்டுமா அம்மா? ஊர் என்ன பேசும்?" இந்தக் கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். "உங்களுக்குத் தரும் கூலி இல்லை ஆயா. பிள்ளையின் பெயரில் பிள்ளைக்கு வரும் பணம். பிள்ளைகளுக்காக நீங்கள் செலவழிக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்" என்றேன். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு மெதுவாக, "அப்படியென்றால் பிள்ளைகள் பெயரிலேயே வரட்டும்" என்றார்.

பிள்ளையின் பெயரில் வர வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு வேண்டும். அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956இன்படி இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் தாய். பத்து ஆண்டுகளாகத் தூக்கி வளர்த்த ஆயாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளர் ஆகலாம். பீடிக் கட்டுகளை எண்ணிப் போட்டு அன்றன்றைக்குச் சாப்பிடும் கிழவி வக்கீலைத் தேடி, நீதிமன்றம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு எத்தனை முறை வருவார்? குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையை நிறுத்தி, குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான இளைஞர் நீதிச் சட்டப்படி ஆயாவைப் பிள்ளையைப் பராமரிக்கத் தகுதியுள்ள நபராக ஏற்று ஓர் ஆணை பெற்றால் வழி பிறக்கும். அந்த ஆணையைப் பார்த்ததும் கணக்குத் தொடங்கித் தந்த மேலாளர்களும் உண்டு; மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மாதக்கணக்கில் அலையவிட்டவர்களும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்காக ஒரே மாதிரியான தெளிவான சுற்றறிக்கை எல்லா வங்கிக் கிளைகளின் மேசையிலும் இருக்க வேண்டும் என்று பேசக் கிடைக்கும் இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

வருமான வரம்பைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நிதி ஆதரவுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக்கூடாது. 72,000 என்றால் மாதம் 6,000. நாளுக்கு 200 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலியே 336 ரூபாய். கணவனும் மனைவியும் கூலிக்குப் போகும் எந்த வீடும் நேர்மையாகக் கணக்குச் சொன்னால் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதாவது, தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்க, அக்காளின் பிள்ளையையும் சேர்த்து வளர்க்க முன்வரும் மாமன் வெளியே நிற்கிறார். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழும் ஆயா தகுதி பெறுகிறார்.

இதன் விளைவைக் களத்தில் நேரில் பார்க்கிறேன். மாமன் வீட்டில் உடம்பில் தெம்பு உண்டு, ஓடியாட ஆள் உண்டு, கூடப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. இருந்தும் பணம் வரும் என்பதற்காகவே பிள்ளை எழுபது வயதுக்காரரின் குடிசையில் தங்க நேர்கிறது. அந்த ஆயா இன்னும் எத்தனை ஆண்டுகள் இருப்பார்? அவர் போன பிறகு இன்னொரு கருமாதி, இன்னொரு திண்ணைப் பேச்சு. ஒரே பிள்ளை இரண்டு முறை அநாதையாவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குப் பொறுக்காத ஒன்று. எடுத்து வளர்ப்பவரின் வருமானத்தை ஏன் அளக்க வேண்டும்? பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை என்பது போதாதா?

பணம் வந்த பிறகு வீட்டுக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றி எழுதாவிட்டால் இது நிறைவடையாது. கே.வி.குப்பம் பக்கம் ஓர் அத்தை வீட்டில் வளரும் பெண். முதல்முறை போனபோது நான் கேட்ட எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாளாம். யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. தான் கூடுதலாக வந்த வாய் என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது. உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகு ஒருநாள் போனேன். அத்தை மகனோடு சரிக்குச் சரி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜியோமெட்ரி பாக்ஸை அவன் எடுத்துக்கொண்டானாம். "என் பணத்தில் வாங்கியது" என்று கத்தினாள். அத்தை கண்டிக்கப் போனார். நான்தான், "விடுங்கள், சண்டை போடட்டும்" என்றேன். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் வருகிறது என்று தெரிந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத சித்தப்பா திடீரென்று உரிமை கொண்டாட வருவார். வளர்த்தவர் ஒருவர், கையெழுத்துப் போட வருபவர் வேறொருவர் என்று பஞ்சாயத்து நடக்கும். இதைக் காட்டி, உறவினர்களை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது, இல்லத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு என்று வாதிடுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இளைஞர் நீதிச் சட்டம் அடிப்படைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஏமாற்றுபவரைத் தடுக்க, முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளியில் விசாரிக்க வேண்டும், பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் பேச வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். பீஞ்சமந்தை மலைக்கிராமங்கள் வரை ஏறிப்போய்ப் பார்க்க வேண்டியவர்கள், கோப்புகளுக்கு நடுவே அலுவலகத்திலேயே முடங்கிக் கிடந்தால் யார் போவது?

பணம் மாதாமாதம் வருவதும் அவசியம். சில மாதங்கள் வராமல் இருந்து மொத்தமாக வந்து விழும்போது, அது முதலில் கடன்காரரிடம் போகிறது. மளிகைக்கடை பாக்கி, கைமாற்று எல்லாம் கழிந்தபின் பிள்ளைக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதற்காக அத்தையையோ ஆயாவையோ குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கடனும் பிள்ளைக்குச் சோறு போட வாங்கியதுதான்.

இப்போது நான் ஒரு வேலையைப் பிடிவாதமாகச் செய்து வருகிறேன். கிராம நிர்வாக அலுவலர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள் ஆகியோரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சாவு என்றால் கருமாதிக்கு முன்பே எனக்குத் தகவல் தாருங்கள். தகவல் வந்தால் துக்கம் விசாரிக்கப் போகிறேன். காகிதம் எதையும் எடுப்பதில்லை. கிளம்பும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தனியே அழைத்து, என்னென்ன உதவி உண்டு, யார் பெயரில் வரும், என்னென்ன சான்று வாங்க வேண்டும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் எப்படி மனுக் கொடுப்பது என்று சொல்லிவிட்டு வருகிறேன். அண்மையில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன், தங்கை இருவரையும் பிரிப்பதாக இருந்தார்கள். இருவரும் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள் என்று பிறகு தலைமை ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். பெரியப்பா லாரி ஓட்டுகிறார். வருமானச் சான்றில் என்ன தொகை வரும் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு நானும் போகிறேன்.