ஸ்டோரை நீக்குவதற்கு முன்: கம்பைலர் செய்முறைப் பரீட்சைக்குச் சில குறிப்புகள்

பெறுபேறுகள் வெளியாகிவிட்டன, கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பாடத்தில் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. கல்லடியில் நாங்கள் எடுக்கும் குப்பியில் (மூத்தவர்கள் இளைய மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பில்) தம்பி தங்கைமார் திரும்பத் திரும்பக் கேட்பது செய்முறைப் பரீட்சையில் கம்பைலரின் பிழையான பகுதியைத் திருத்தச் சொன்ன அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் என்பதால், அதை மட்டும் எழுதுகிறேன். நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்ஸருக்கும் அதன் இலக்கண அமைப்பைப் பார்க்கும் பார்சருக்கும் கடந்தகால வினாத்தாள்களே போதும்.

எங்களுக்குத் தரப்பட்டது, பயனற்ற ஸ்டோர்களை, அதாவது நினைவகத்தில் எழுதும் கட்டளைகளை, நீக்கும் எல்எல்விஎம் பாஸ் ஒன்று (எல்எல்விஎம் என்பது ஒரு கம்பைலர் கட்டமைப்பு, பாஸ் என்பது நிரலை அலசி மாற்றும் அதன் ஒரு படி). ஓ0 இல், அதாவது மேம்படுத்தல் இல்லாமல், சரியாக ஓடும் சிறிய சி நிரல், அந்தப் பாஸ் சேர்ந்ததும் வேறு விடையைத் தந்தது. நிரலின் சாரம் மூன்று வரிதான்: ப என்ற பொயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) காட்டும் இடத்தில் 1 எழுதப்படுகிறது, க என்ற பொயின்டர் காட்டும் இடம் வாசிக்கப்படுகிறது, பிறகு ப காட்டும் இடத்திலேயே 2 எழுதப்படுகிறது. பின்னால் வரும் 2 எப்படியும் 1 ஐ மூடிவிடும் என்று கருதி, பாஸ் முதல் ஸ்டோரைத் தூக்கிவிட்டது. இரண்டு பொயின்டர்களும் ஒரே இடத்தைக் காட்டும்போது, 1 கிடைக்க வேண்டிய வாசிப்புக்கு அங்கே முன்பு கிடந்த பெறுமானம் கிடைத்தது.

இரண்டு பொயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டுமா என்று பார்க்கும் அலியாஸ் பகுப்பாய்வு 'நிச்சயமாக ஒன்றே' என்றும் சொல்லலாம், 'ஒன்றாக இருக்கலாம்' என்றும் சொல்லலாம். பிழையான பாஸ் முதலாவது விடைக்கு மட்டுமே ஸ்டோரை நீக்காமல் நின்றது, இரண்டாவதைக் கவனிக்காமல் கடந்துபோனது. இடையிலுள்ள லோட் (நினைவக வாசிப்பு) 'நிச்சயமாக வேறு' என்று நிரூபிக்கப்பட்டால் மட்டுமே தாண்டலாம் என மாற்றுவதுதான் திருத்தம். பாஸையே நிறுத்திவிட்டால் விடை சரியாக வரும், புள்ளி வராது. எந்த லோட்டைக் கண்டாலும் நிற்கும்படி எழுதியவர்களும், உண்மையிலேயே பயனற்ற ஸ்டோர் நீக்கப்படுகிறதா என்று பார்க்கும் சோதனையில் மாட்டிக்கொண்டார்கள்.

என் முழு நம்பிக்கையும் பென்சிலில்தான். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு பெட்டி கீறி, யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார் என்று அம்புக்குறி போட்ட பிறகே கீபோர்டைத் தொடுவேன். நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பிழை தேடும் டீபக்கரோடு பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் 4 பைட் ஸ்டோருக்குப் பின்னால் அதே முகவரியில் 1 பைட் ஸ்டோர் வந்தால் முதலாவதை முழுமையாக நீக்க முடியாது என்பது படத்தில் உடனே தெரியும், ஏனென்றால் தொடக்கம் ஒன்றாக இருந்தாலும் மூன்று பெட்டிகள் மூடப்படாமல் கிடக்கும்.

இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்:
- நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதியெடுக்கும் மெம்கொப்பி, எழுதுவதோடு வாசிக்கவும் செய்கிறது. சேருமிடத்தை மட்டும் பார்க்கும் பாஸ் மூலத்தை மறந்துவிடும்.
- மூலமும் சேருமிடமும் ஒன்றோடொன்று மேற்படியலாம் என்றால், அதையும் சமாளித்துப் பிரதியெடுக்கும் மெம்மூவை மெம்கொப்பியாக மாற்றக்கூடாது.
- உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத ஃபங்ஷன் அழைப்பு அந்த இடத்தை வாசிக்கக்கூடும்.
- வொலடைல் ஸ்டோரில் (கம்பைலர் நீக்கக்கூடாதென்று நிரலிலேயே குறிக்கப்பட்டது) கை வைக்கக்கூடாது.

நிரல் முழு எண்ணை ஃப்ளோட் பொயின்டர் வழியாக வாசிக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். அப்படி வேறு வகைப் பொயின்டரால் வாசிப்பதற்கு சி மொழியில் தடை இருப்பதால் குற்றம் நிரலிலேயே இருக்கலாம், கம்பைலரில் பிழை தேடி நேரம் போய்விடும். கேர் பொயின்டருக்கு அந்தத் தடை இல்லை.

புள்ளியிடலில் எனக்கு மனக்குறை உண்டு: திருத்திய பாஸ் நிரலுக்குக் குறைவாகவும், ஏன் அது சரியென்ற விளக்கத்துக்கு அதிகமாகவும் கொடுத்திருந்தார்கள். ஆகவே நிரலை எழுதி முடித்தவுடன் எழுந்து போகாமல், எந்த லோட் எந்த ஸ்டோரை உயிரோடு வைத்திருக்கிறது என்பதை இரண்டு வரியிலாவது எழுதிவிட்டுக் கையளியுங்கள்.