ஹீட்டருக்கு விடுதலை

ஜூன் 8, 2025, ஞாயிறு

காரில் முன்சீட்டுக் காலடியில் கார்ப்பெட் மறுபடியும் ஈரம். மழைத் தண்ணீர் பிசுபிசுக்காது. இது பச்சையாக, லேசான இனிப்பு வாடையோடு இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்தான். முன்கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மங்குவதும் இதனால்தான். சூடான கூலன்ட் ஓடி காருக்குள் வெப்பம் தரும் குட்டி ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர், ஒழுகுகிறது. புதிது மாட்ட டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற நாகர்கோவிலில் ஹீட்டர் எதற்கு? இணைப்பை எடுத்துவிடலாம்.

ஜூன் 10, செவ்வாய்

பட்டறை அண்ணன் பார்த்தார். "ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் போல்ட்டு வச்சி அடச்சா தீந்தது மக்கா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. எஞ்சின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் என்கிற வால்வு மூடியிருக்கும், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாது. அதுவரை பம்ப் தள்ளுவது சுற்றிவர ஒரு பைபாஸ், அதாவது மாற்றுவழி, வேண்டும். சில எஞ்சின்களில் அதற்குத் தனிவழி உண்டு, அவற்றில் அடைத்தால் பாதகமில்லை. சிலவற்றில் ஹீட்டர் வழிதான் பைபாஸ். அதை அடைத்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் கூலன்ட் தேங்கி அங்கங்கே கொதிக்கும், தெர்மோஸ்டாட்டுக்கோ அந்தச் சூடு தாமதமாகத்தான் எட்டும். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனால் செலவு எங்கேயோ போய்விடும். நம் வண்டியில் தனி பைபாஸ் எதுவும் தட்டுப்படவில்லை.

"அப்படின்னா சுத்தி விட்டுருவோம்" என்றார் அண்ணன். அதாவது ஹெட்டிலிருந்து வருவதை நேரே பம்புக்குத் திருப்புவது.

ஜூன் 14, சனி

வேலை முடிந்தது. நேர் ஹோஸை வளைத்தால் மடிந்து வழியை அடைக்கும். வடசேரியில் தேடி, யூ வடிவத்தில் வார்த்த ஹோஸே வாங்கினேன். கிளிப்பும் புதிது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. காற்று வெளியேற, வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஊற்றினோம். வடித்த பழையதைக் கேனில் அடைத்தாயிற்று. இனிப்புக்கு நாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆரல்வாய்மொழிவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். அந்தக் கணவாய்க் காற்றில் அடைபட்ட ரேடியேட்டர்கூட நல்ல பெயர் வாங்கிவிடும்! நான் மார்த்தாண்டம் நெரிசலுக்குள் விட்டேன். சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேயே நின்றது, ரேடியேட்டர் ஃபேன் வந்து வந்து போனது. ஒழுகல் இல்லை. மழையில் கண்ணாடி மங்கினால் ஏசி போதும். வழியில் எஞ்சின் கொதித்தால் ஹீட்டரை முழுசாகத் திறந்து சூட்டை இறக்கும் வித்தை மட்டும் இனி கிடையாது. டிக்கியில் ஒரு தண்ணீர்க் கேன் ஏற்றியிருக்கிறேன்.