டைட்டில் ஒன் பள்ளியில் பட்ஜெட் போட்ட கதை

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துவிடுவார்கள். பத்துக்கு நாலு, ஐந்து என்றிருந்தால் அடுத்த ஏரியா. 'அது டைட்டில் ஒன் ஸ்கூலாச்சே' என்று, அதாவது வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் என்பதால் மத்திய அரசின் கூடுதல் பணம் பெறும் பள்ளி என்று, வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டுவிட்டால் பேச்சு அதோடு சரி. எங்கள் விஷயத்தில் ரேட்டிங்கை வாடகை ஜெயித்தது. மகள் அப்படி ஒரு தொடக்கப் பள்ளியில்தான் கிண்டர்கார்டன் சேர்ந்தாள். பிற்பாடு, அந்தப் பள்ளிக்கு வரும் டைட்டில் ஒன் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஓட்டுப் போடும் குழுவில் நானும் உறுப்பினரானேன். அங்கே பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

1965-இல் வந்த தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் முதல் பகுதிதான் டைட்டில் ஒன். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஏப்ரல் 11 அன்று, டெக்சாஸில் தான் சின்ன வயதில் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்தின் வாசலில் மேசை போட்டு, தன் முதல் டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டார். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடங்களுக்கு மத்திய அரசு கூடுதலாகப் பணம் தர வேண்டும் என்பது அடிப்படை. இன்று நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். மாநிலம், கல்வி மாவட்டம் என்று இறங்கி ஒரு தொடக்கப் பள்ளிக்கு வந்து சேரும்போது, அனுபவமுள்ள ஒரு முழுநேர ஆசிரியரை அதில் போட்டாலே பெரும்பகுதி காலி.

நான் குழுவுக்குள் வந்தது சுற்று வழியில். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு ஃபார்ம் தருவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசுவது எது என்று கேட்டிருக்கும். தமிழ் என்று எழுதினேன். அப்படி எழுதினால் 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். 'இங்கிலீஷ்னு போட்டுடுங்க, வீண் தொல்லை' என்று முன்பே சிலர் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளதை எழுதுவதில் என்ன தொல்லை? மகள் 'ஆங்கிலம் கற்கும் மாணவி' பட்டியலில் சேர்ந்தாள். கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் 21 பேர் இருந்தால் அவர்களுடைய பெற்றோருக்கென்று ஒரு ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும். அதற்கு அழைப்பு வந்தது, போனேன். அங்கே வந்த பிரின்சிபால், 'ஸ்கூல் சைட் கவுன்சிலில் பெற்றோர் இடம் காலியாக இருக்கிறது, நிற்கிறீர்களா' என்று கேட்டார்.

டைட்டில் ஒன் பணத்துக்கு ஓட்டுப் போடும் குழு அந்தக் கவுன்சில்தான். எங்கள் பள்ளியில் அதில் பத்து பேர். பாதி பள்ளித் தரப்பு: பிரின்சிபால், மூன்று டீச்சர்கள், அலுவலக ஊழியர் ஒருவர். மறு பாதி பெற்றோர். பெற்றோரைப் பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பிரின்சிபால் நியமிக்க முடியாது. பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பிய வாக்குச்சீட்டில் இருந்த பெயர்களும் காலி இடங்களும் சரிக்குச் சரி. ஆக, ஜெயித்தேன்.

கூட்டங்கள் நூலகத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலிகளில். 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியில் ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகுதான் பேச்சு, வாக்கெடுப்பு. முதல் சில கூட்டங்களில் நாங்கள் பெற்றோர் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். வியட்நாமியத் தாய் ஒருவர்தான் முதலில் கையைத் தூக்கி, 'இந்த மென்பொருளுக்குப் போன வருடமும் இதே தொகை கொடுத்தோம், என்ன பலன் கிடைத்தது?' என்று கேட்டார். அதற்கப்புறம் கூட்டங்கள் சீக்கிரம் முடிந்ததே இல்லை.

எனக்கு முதலில் புரியாமல் இருந்தது, இந்தப் பணம் யாருக்கு என்பது. ஏழைக் குழந்தைகள் என்று ஒரு பட்டியல் வைத்து அவர்களுக்கு மட்டும் செலவழிப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சில பள்ளிகளில் அப்படி உண்டு, ஆனால் அந்தப் பட்டியலிலும் யார் படிப்பில் பின்தங்கியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. குறைந்த வருமானப் பிள்ளைகள் குறைந்தது 40 சதவீதம் இருந்தால், மொத்தப் பள்ளியையும் மேம்படுத்தும் திட்டமாக நடத்தலாம். எங்கள் பள்ளி அந்த வகை. என் மகளோடு வாசிப்புக் குழுவில் உட்காரும் பையனின் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று அந்த டீச்சருக்குத் தெரியத் தேவையில்லை. வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எந்தக் குழந்தை மீதும் முத்திரை விழாது என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்தது.

பட்ஜெட்டுக்கு முன்னால் தேவை ஆய்வு. மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதும் மாநிலத் தேர்வின் முடிவுகள், சின்ன வகுப்புகளின் வாசிப்புச் சோதனைகள், வருகைப் பதிவு எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்தோம். வாசிப்பைத்தான் பெரிதாகப் பேசப்போகிறோம் என்று நினைத்து வந்திருந்தேன். பேச்சு வருகைப் பதிவில் போய் நின்றது. பள்ளி நாட்களில் பத்து சதவீதத்தைத் தவறவிட்டால் 'நாள்பட்ட வருகைக் குறைவு' என்று கணக்கு. அதாவது 180 நாளில் 18. ஒரே காரை வைத்துக்கொண்டு இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் குடும்பம், ஆஸ்துமா உள்ள குழந்தை, வாடகை ஏறி ஊர் விட்டு ஊர் மாறியும் பழைய பள்ளியையே விடாத குடும்பம் என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் நம் ஆட்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

பிறகு பணம். சட்டத்தில் ஒரு கறாரான விதி உண்டு. மாநிலமும் உள்ளூரும் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பதிலாக இது போகக் கூடாது, அதற்கு மேல் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியர் சம்பளம், அடிப்படைப் பாடப் புத்தகம், கூரை ஒழுகல் எல்லாம் இதில் சேராது. விளையாட்டுத் திடலில் நிழல் கூரை வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான், செப்டம்பர் வெயில் அப்படி. ஆனால் இந்தப் பணத்தில் ஒரு கம்பிகூட நட முடியாது. குடும்ப வாசிப்பு மாலைக்குப் பீட்சா வாங்க மாவட்ட அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும், கூட்டம் நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் கொடுக்கலாம் என்றார்கள். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் பணம் பெறும் மாவட்டங்கள் குறைந்தது ஒரு சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்கி, அதில் 90 சதவீதத்தைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும். எங்களுக்கு வந்த பங்கில் மொழிபெயர்ப்பாளருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் கொடுத்தது போக மிச்சம் பெரிதாக இல்லை.

பெரிய தகராறு வாசிப்பு ஆசிரியர் விஷயத்தில் வந்தது. பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் இருந்தார். அவர் சம்பளம் கோவிட் நிவாரணப் பணத்திலிருந்து வந்தது. 2021-இல் மட்டும் 12,200 கோடி டாலர் பள்ளிகளுக்கு என்று ஒதுக்கிய பணம் அது, கெடு 2024 செப்டம்பர் 30. கெடு நெருங்க நெருங்க எல்லாப் பள்ளிகளும் அந்த வேலைகளை டைட்டில் ஒன் தலையில் கட்டப் பார்த்தன. நாங்களும் அதைத்தான் செய்தோம். முழுநேரமாக வைத்தால் வகுப்பு உதவியாளர்கள் போய்விடுவார்கள். உதவியாளர்களை வைத்தால் அவர் போய்விடுவார். பிரின்சிபாலுக்கோ மேல் வகுப்புகளுக்கான கணினிப் பயிற்சி மென்பொருளை விட மனமில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்துதான் மாநிலத் தேர்வு, அந்த எண்ணைப் பார்த்துத்தான் பள்ளியை எடைபோடுகிறார்கள். அவர் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

ஆனால் என் வாதம் வேறு. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும், திரை போதாது. இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவரும் அதையே சொன்னார். கடைசியில் வாசிப்பு ஆசிரியர் அரை நேரம், சின்ன வகுப்புகளுக்கு இரண்டு பகுதி நேர உதவியாளர்கள், வருகை குறைந்த வீடுகளோடு பேச ஸ்பானிய மொழி தெரிந்த தொடர்பாளருக்குச் சில மணி நேரம் என்று வந்தது. மென்பொருள் பாதியாகச் சுருங்கியது. ஒருமனதாக இல்லை, இருந்தாலும் தீர்மானம் நிறைவேறியது.

இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் விஷயம் ஒரு தாள்: வருமானப் படிவம். எந்தப் பள்ளியில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பணம் வரும். அந்த எண்ணிக்கையை நாட்டில் பெரும்பாலும் இலவச மதிய உணவுக் கணக்கை வைத்தே எண்ணிவந்தார்கள். 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் வருமானம் பார்க்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் சாப்பாடு இலவசம். ரொம்ப நல்ல திட்டம். ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது என்றான பிறகு படிவத்தை யார் நிரப்புவார்கள்? உணவு உதவியோ மெடி-கேல் மருத்துவ உதவியோ பெறும் குடும்பங்கள் தானாகவே கணக்கில் வந்துவிடும். பயந்துகொண்டு அந்த உதவிகளுக்கே போகாத குடும்பங்கள்தான் விடுபட்டுப் போகின்றன.

அதனால் இலையுதிர் காலம் முழுக்கப் பள்ளி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு வருமானம், அவ்வளவுதான். குடியேற்ற நிலை பற்றிக் கேள்வியே கிடையாது. பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைக்கு அரசுப் பள்ளியில் படிக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. சொன்னால் எல்லாரும் உடனே நம்பிவிடுவதில்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள், தொடர்பாளர் ஸ்பானிய மொழியில் பேசிய பிறகு மறுவாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மென்பொருள் வாங்கும் பணத்தில் இந்த மாதிரி ஒரு ஆளை வைப்பது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

நம் ஆட்களிடம் வேறு மாதிரித் தயக்கம். 'நமக்கு எதுக்குங்க இலவசம்?' என்றார் ஒருவர். அவர் வருமானத்துக்கு எப்படியும் தகுதி வராது, வற்புறுத்தவில்லை. ஆனால் கணவர் வேலை போய் இன்னும் வேலை கிடைக்காத ஒரு வீட்டில், படிவத்தைப் பார்த்ததுமே கதவு பாதி மூடியது. 'இது உங்களுக்கு இல்லைங்க, ஸ்கூலுக்கு' என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். வந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, நிரப்பிய படிவங்களை அலுவலகம் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது.

திட்டம் ஜூனில் மாவட்டக் கல்வி வாரியத்தில் சத்தமில்லாமல் நிறைவேறியது. உண்மையான இடைஞ்சல் அதற்குப் பின்னால்தான். உதவியாளர் வேலைக்கு ஆள் வரவில்லை. ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான், சலுகை கிடையாது, சம்பளமோ பக்கத்து பர்கர் கடையில் கொடுப்பதைவிடப் பெரிதாக இல்லை. ஒரு இடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. காகிதத்தில் பணம் இருக்கிறது, வகுப்பறையில் ஆள் இல்லை. மாவட்டம் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் தொகைக்குப் பொதுவாக 15 சதவீதம்தான் வரம்பு என்பதால், வசந்த காலத்தில் 'சீக்கிரம் செலவழியுங்கள்' என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. திட்டத்தைத் திருத்தி மறுபடி ஓட்டுப் போட்டோம். மிச்சத்தில், பள்ளி முடிந்தபின் சொல்லிக்கொடுக்க முன்வந்த டீச்சர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக வாசிப்புப் புத்தகங்கள். புத்தகங்களுக்குப் பெற்றோர் தரப்பில் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

2025 ஜூலை 1 அன்று வழக்கமாக வர வேண்டிய மத்திய நிதிகள் சிலவற்றை வாஷிங்டன் நிறுத்தி வைத்தபோது வாட்ஸ்அப்பில் ஒரே பதற்றம். அதில் டைட்டில் ஒன்னின் முக்கியப் பகுதி இல்லை, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான டைட்டில் த்ரீ இருந்தது. மாதக் கடைசிக்குள் விடுவித்துவிட்டார்கள் என்றாலும், அதுவரை யாரை வேலைக்கு எடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் பள்ளிகள் தவித்தன.

உங்கள் பிள்ளை டைட்டில் ஒன் பள்ளியில் படித்தால், ஆண்டுதோறும் நடக்கும் டைட்டில் ஒன் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், அதை நடத்துவது சட்டப்படி கட்டாயம். பிள்ளையின் டீச்சருடைய தகுதி என்ன என்று எழுதிக் கேட்கவும் உரிமை உண்டு. கலிஃபோர்னியாவில் என்றால் பள்ளியின் ஆண்டுத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நீளமான ஆவணம், முதல் பக்கங்களில் நல்ல நல்ல வார்த்தைகளாக இருக்கும். நேராகப் பட்ஜெட் அட்டவணைக்குப் போங்கள், எந்த வரியில் ஆள், எந்த வரியில் மென்பொருள் உரிமக் கட்டணம் என்று பாருங்கள். கவுன்சிலுக்குப் போட்டியிட ஆசை இருந்தால் பள்ளி திறந்த வாரமே அலுவலகத்தில் சொல்லிவைப்பது நல்லது. பெரும்பாலும் போட்டி இருக்காது.