மிளகு: நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

நாய்க்குட்டி மிளகு ராத்திரி முழுக்க அழுதாள். கூண்டைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு, கம்பி இடுக்கில் விரலை விட்ட பிறகுதான் அடங்கினாள். நேற்று வரை அம்மா வயிற்றை ஒட்டி, கூடப்பிறந்ததுகளோடு குவியலாகத் தூங்கியவள். "அழட்டும் விடுக்கா, பழகிடும்" என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. பயத்தில் அழுகிறவளை அப்படியே விட்டால் கூண்டு என்றாலே பயம் என்றுதான் பழகுவாள்.

பிறந்து இன்றோடு ஒன்பது வாரம்.

மார்ச் 4

தூங்கி எழுந்தால் கொல்லைப்புறம். சாப்பிட்டால் கொல்லைப்புறம். விளையாடி ஓய்ந்தால் கொல்லைப்புறம். நடுவில் கண் அசந்தால் பாய் நனைந்துவிடுகிறது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று பிடிபட்டது. போவதற்கு முன் விளையாட்டைச் சட்டென்று விட்டுவிடுகிறாள். மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்கிறது, வால் லேசாக விறைக்கிறது, ஒரே இடத்தைச் சுற்றுகிறாள். இரண்டாவது சுற்று முடிவதற்குள் தூக்கிவிட வேண்டும். இன்று தூக்கினேன். மண்ணில் விட்டதும் போனாள், போய் முடித்த அதே இடத்தில் தீனி கொடுத்தேன். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும். ஓரிரு நொடி தாண்டினாலே எதற்குக் கிடைத்தது என்பது அவளுக்குப் புரியாது. அதனால் எந்நேரமும் என் பையில் தீனி.

மார்ச் 6

பாய், மறுபடியும்.

மார்ச் 7, சனி

"மூக்கப் பிடிச்சு அதுல ஒரு தேய் தேய்க்கா, அப்பதான் புரியும்" என்றான் தம்பி. கோபம் வந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு முன் செய்தது அவளுக்குப் போன ஜென்மம். முகத்துக்கு நேரே வரும் கை ஆபத்து என்பது மட்டும்தான் புரியும். அப்புறம் நம் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் போவாள்.

பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று. தரையைத் துடைக்க, மூத்திர வாடையைச் சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவம். அமோனியா உள்ளதை வாங்கக் கூடாது, அந்த வாடையே மூத்திர வாடைதான், மறுபடி அங்கேயே கூப்பிடும்.

மார்ச் 9

தூக்கம் இல்லை, இந்த முறை அவளால் அல்ல. படித்தது மண்டைக்குள் சுற்றுகிறது.

குட்டிகளுக்கு உலகத்தோடு பழகும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்கிறது. 1961இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் வெளியிட்ட ஆய்வில் சில குட்டிகள் மனிதர் பழக்கமே இல்லாமல் வளர்ந்தன. 14 வாரம் வரை அப்படியே இருந்தவை ஆளைக் கண்டாலே காட்டு விலங்கு மாதிரி மிரண்டன. அந்தக் குட்டிகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு பக்கம் பார்வோ, குட்டிகளின் உயிரையே வாங்கும் வைரஸ் நோய். தடுப்பூசி முழுதாக முடிய 16 வாரம் ஆகும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்ய விடாது, அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால் பருவம் போய்விடும். தெருவில் இறக்கி விட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்பது வாரம், ஆறு நாள்.

மார்ச் 10

தூக்கிக்கொண்டு போனேன்! கால் தரையில் படவே இல்லை. தெருமுனையில் நின்றோம். பஸ், குடை, ஹெல்மெட் போட்ட ஆள், தாடி வைத்த ஆள், அழுகிற குழந்தை. ஒவ்வொன்றையும் அவள் பார்த்ததும் ஒரு தீனி. லாரி ஹாரனுக்கு என் கைக்குள் உடம்பு இறுகியது, உடனே தள்ளி வந்துவிட்டேன். தூரத்தில் அதே சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்பினாள். அவ்வளவு போதும்.

பத்து வாரம்.

மார்ச் 12

பால்பல் இருபத்தெட்டும் ஊசி மாதிரி. கையை இழுத்தால் இன்னும் வெறியாகப் பாய்கிறாள், ஓடுகிற கை அவளுக்கு விளையாட்டு. கடி பட்டதும் அசையாமல் நின்று, எழுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். திரும்பி வந்து கடிக்க ஒரு கயிறு. சாயங்காலம்தான் மோசம்.

மார்ச் 15, ஞாயிறு

நாளை திங்கள் இல்லை, அடுத்த திங்கள் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். விடுப்பு அதோடு சரி.

சாவிச் சத்தம் கேட்டாலே சிணுங்குகிறாள். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காருகிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போகிறேன். கதவைத் திறந்து, சாத்தி, அழுவதற்கு முன்பே உள்ளே வருகிறேன்.

மார்ச் 16

சாவி. செருப்பு. கதவு.

மார்ச் 18

இரண்டாவது ஊசி. மேசையில் நடுங்கவில்லை. தினமும் காதைத் தூக்கிப் பார்த்ததும் பாதத்தைப் பிடித்துப் பழக்கியதும் வீண் போகவில்லை. டாக்டர் நகத்தைப் பார்க்கும்போது அவர் கட்டைவிரலை நக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினொரு வாரம், ஒரு நாள்.

மார்ச் 20

சாயங்காலக் கடிக்குக் காரணம் தூக்கம்! இந்த வயதில் ஒரு நாளைக்கு 18, 20 மணி நேரம் தூங்க வேண்டும், வீட்டில் ஆள் மாற்றி ஆள் கொஞ்சினால் எப்படித் தூங்குவாள்? நாலு மணிக்குக் கூண்டில் விட்டு மேலே துணி போட்டேன். இரண்டு மணி நேரத் தூக்கம். இன்று ராத்திரி கடியே இல்லை.

மார்ச் 21

அரை மணி நேரம் தனியாக இருந்தாள். கேமராவில் பார்த்தேன், கயிற்றைக் கடித்தாள், படுத்தாள்.

அரை மணி எங்கே, திங்கள் காலை எங்கே.

மார்ச் 22, ஞாயிறு

தம்பிக்கு எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டியது: பன்னிரண்டு மணி தாண்டாமல் வந்துவிடு, மூன்று மாசக் குட்டி மூன்று, நாலு மணி நேரம்தான் அடக்கும். முதலில் கொல்லைப்புறம், கொஞ்சல் அப்புறம். நனைந்திருந்தால் திட்டாதே, துடை. திராட்சை, சாக்லேட், வெங்காயம் எதுவும் கையில் வேண்டாம். அழுதால் ஒரு நொடி ஓயும்வரை பொறுத்துத் திற, ரொம்ப நேரம் அழ விடாதே.

"போருக்கா போறேன்?" என்றான். படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான்.

மார்ச் 23, திங்கள்

10.40. வேலையிடத்திலிருந்து பார்க்கிறேன். கேமராவில் அவளை விட்டிருக்கும் அடைப்பின் பாதிதான் தெரிகிறது, அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள். சத்தம் ஏதும் இல்லை. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.