அறுபது ரூபாய் சான்றிதழ்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் என் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மற்ற மாதங்களில் சிட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று கலந்து வருவார்கள். ஜூனில் வருகிறவர்களிடம் என்ன வேணும் என்று கேட்கவே தேவையில்லை. "வருமானச் சர்டிபிகேட் எடுக்கணும் பாப்பா, இஸ்கூல்ல கேட்டாங்க."

கட்டணம் 60 ரூபாய். ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அடுத்த ஜூனில் திரும்பவும் வரவேண்டும். சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும், அது மாறாது. வறுமைதான் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது.

விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று ஒரு கட்டம் வரும். நான் கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்வது 72,000. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு முன்பு இருந்த வரம்பு அது. அதை 1,20,000 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆனால் ஏழை என்றால் 72,000 என்று ஜனங்கள் மனதில் பதிந்துபோனது பதிந்ததுதான்.

பொய் சொல்கிறார்கள் என்று யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் ட்ரஸ்ட் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. ஒரு வருவாய் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். தேர்வானால் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். அதற்குக் குடும்ப வருமான வரம்பு ஒரு லட்சம். ஒரு ஆள் நாளைக்கு 500 ரூபாய் கூலிக்கு 200 நாள் போனாலே ஒரு லட்சம் வந்துவிடுகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சித்தாள் வேலைக்குப் போகிற வீட்டில் உண்மையைச் சொன்னால் பிள்ளைக்குப் பணம் இல்லை. அப்புறம் அந்த ஆயிரம் ரூபாய்க்காக 60 ரூபாய் கட்டணம், ஏரியூரிலிருந்து பஸ் செலவு, அரைநாள் கூலி நட்டம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேண்டாம் விடுக்கா" என்று எழுந்து போன ஒரு அம்மாவை என்னால் தடுக்க முடியவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சான்று எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் பாட்டிகள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் வேலையைச் சொல்ல மாட்டார்கள், "பெங்களூரு" என்பார்கள். எங்கள் பக்கம் அந்தப் பதில் போதும். கட்டட வேலை. சிலர் திருப்பூர், சிலர் குடகில் காப்பித் தோட்டம். பிள்ளைகள் பாட்டி வீட்டில்.

இதில் என்ன சிக்கல் என்றால், விண்ணப்பம் போட முதலில் அந்த ஆளின் பெயரில் 'கேன்' நம்பர், அதாவது இ-சேவைப் பதிவு எண், வேண்டும். அதற்கு ஓடிபி வரும். ஓடிபி வருகிற போன் பெங்களூரில் நாலாவது மாடிச் சாரத்தில் நிற்கிறது. போன வருஷம் ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் போன் போட்டேன். காங்கிரீட் மிக்சர் சத்தத்தில் அந்த மனிதர் நம்பரைக் கத்திக் கத்திச் சொல்கிறார், எனக்கு நாலு எண் கேட்கிறது, ஐந்தாவது காணோம். நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை, "மேஸ்திரி வர்றாருங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். பாட்டி சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து ஆறரைக்கு அந்த மனிதரே போனில் கூப்பிட்டார். அதன் பிறகு விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று விண்ணப்பம் தன் வழியில் போகும். அது வேறு கதை.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு, மறைப்பானேன். 2010-இல் நான் எட்டாவது. என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு அப்போதுதான் ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. இன்றைக்கு அதில் ஆண்டுக்கு 12,000 தருகிறார்கள், அன்றைக்கு மாதம் 500, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எங்கள் பள்ளியில் நானும் இன்னொருத்தியும் எழுதினோம். என் பெயர் வந்தது. சான்றிதழ்கள் கேட்டார்கள். அம்மா அப்பா ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கட்டடத்தில். பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனார். முதல் தடவை, அப்பாவின் கையெழுத்து வேண்டும். இரண்டாவது தடவை, கையெழுத்து இருக்கிறது, ரேஷன் கார்டில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது. மூன்றாவது தடவை, ஐயா முகாமுக்குப் போய்விட்டார். கடைசித் தேதி அந்த வாரமே முடிந்தது. மாதம் 500 வீதம் நாலு வருஷத்துக்கு 24,000 ரூபாய். பாட்டி சாகும் வரை அந்தத் தொகையைச் சரியாகச் சொல்வார், எனக்குக் கூட மறந்துபோகும்.

அதே நாலு வருஷத்தில் எந்தக் காகிதமும் காட்டாமல் எனக்குக் கிடைத்தவற்றையும் சொல்ல வேண்டும். மதியச் சோறு. அந்த 2010-இல்தான் வாரத்துக்கு ஐந்து முட்டை ஆக்கினார்கள், எங்களுக்கு அது பெரிய செய்தி. பாடப்புத்தகம். பஸ் பாஸ். பதினொன்றாவதில் சைக்கிள். செயின் அடிக்கடி கழன்றுவிடும், கையில் கிரீஸோடுதான் முதல் பீரியடுக்குப் போவேன். ஆனாலும் அது இல்லாவிட்டால் எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு நான் போயிருக்க மாட்டேன். பன்னிரண்டாவதில் லேப்டாப். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடிக்கும் வரை அது ஓடியது. அப்புறம் இந்தக் கடையின் முதல் கம்ப்யூட்டரும் அதுதான். பேட்டரி போன பிறகும் வயரைச் செருகியே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். என்னிடம் அப்போது யாரும் வருமானம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அரசுப் பள்ளியில் படிக்கிறாயா, இந்தா.

"வசதியானவன் பிள்ளைக்கும் எதுக்கு இலவசம், ஏழைக்கு மட்டும் கொடுத்தா மிச்சமாகுமே" என்று டீக்கடையில் நியாயம் பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஏழைக்கு மட்டும் என்றால் ஏழை என்று நிரூபிக்கணும். நிரூபிக்க என் கடைக்கு வரணும். வர முடிகிற ஏழைக்குக் கிடைக்கும், வர முடியாத ஏழைக்குக் கிடைக்காது. இதில் எனக்கு 60 ரூபாய் வியாபாரம் என்பதையும் மறைக்கவில்லை.

எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவி என்ற முறையில் என்னையும் போட்டிருக்கிறார்கள். காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது 2023 ஆகஸ்டில், மாநிலம் முழுக்க விரிவாக்கியபோது. ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. புதன்கிழமை பொங்கல் என்றால் தாமதமாக வருகிற ஆளே இருக்காது. உப்புமா நாளில் கொஞ்சம் முகம் சுளிப்பு உண்டு, அதெல்லாம் இல்லாமல் பிள்ளைகளா? விடிகாலையில் சாமந்தி பறிக்கப் போகிற அம்மாக்கள் முன்பெல்லாம் ராத்திரிக் களியைக் கரைத்து வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை குடித்ததா, நாய் குடித்ததா, யாருக்குத் தெரியும். இப்போது மகளிர் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள், தட்டைப் பிடித்து உட்கார்ந்தால் சோறு. தட்டு நீட்டுகிறவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை.

பள்ளிக்கென்று வருகிற பணம் எவ்வளவு என்பது குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வாத்தியார் சம்பளம் அரசு நேரடியாகக் கொடுக்கிறது. பள்ளியின் கைச்செலவுக்கு சமக்ர சிக்ஷா என்கிற மத்திய, மாநில அரசுகளின் கல்வித் திட்டத்திலிருந்து ஒரு மானியம். அது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 வரை 50,000. அதிலேயே பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு. எங்கள் பள்ளிக்கு 25,000. ரிஜிஸ்டர், சாக்பீஸ், பினாயில், கழன்ற குழாய், உடைந்த கதவுத் தாழ்ப்பாள், ஜெராக்ஸ். ஜெராக்ஸ் என் கடையில்தான், ஹெட்மாஸ்டர் டீச்சருக்குப் பில்லில் சலுகை. மலைமேல் இருக்கிற பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். 28 பிள்ளை என்றால் 10,000. பிள்ளைகள் குறைவு என்று ஓட்டில் மழை குறைவாகவா ஒழுகும்?

இந்த சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. பிஎம் ஸ்ரீ என்கிற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடியை டெல்லி நிறுத்தியது. சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போனது. எங்கள் கூட்டத்தில் ஒரு அப்பா, "கோடியை விடுங்கம்மா, குழாய் எப்ப வரும்" என்று கேட்டார். ஹெட்மாஸ்டர் டீச்சர் தன் பர்சிலிருந்து கொடுத்து மாற்றினார்.

வருமானம் கேட்காமல் வேறு கேள்வி கேட்கிற திட்டங்களும் இப்போது வந்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப்பெண் அப்படி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் இதே கணக்குதான். பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்பதே போதும், 72,000 தேவையில்லை. இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அந்தப் பெண் வரும் வரை.

ஏரியூர்ப் பக்கம். பன்னிரண்டாவதில் நல்ல மார்க், கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். உடன் படிக்கிற எல்லாருக்கும் ஆயிரம் ரூபாய் வருகிறது, இவளுக்கு வரவில்லை. பேங்க் கணக்கில் ஆதார் இணைக்கவில்லையோ என்று பார்க்கத்தான் என்னிடம் வந்தாள். அப்படி நிறைய நடக்கும். ஒரு பையனுக்கு உதவித்தொகை வரவே இல்லை என்று வீடே புலம்பிக்கொண்டிருந்தது, பார்த்தால் பணம் அவன் மறந்தே போன வேறொரு கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. பாஸ்புக் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது.

இவள் விஷயம் அதுவல்ல. கணக்கெல்லாம் சரி. ஆறாவதும் ஏழாவதும் எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"பெங்களூர்லக்கா. அம்மா அப்பாகூட போயிட்டேன். அங்க கவர்மென்ட் ஸ்கூல்தான்."

கவர்மென்ட் ஸ்கூல்தான், ஆனால் கர்நாடகா கவர்மென்ட். எட்டாவதிலிருந்து இங்கே. விதிப்படி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் கிடைத்து எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஓசூர் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் தங்கிப் படித்ததற்கு இல்லை. அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அந்த வருஷம்தான் பாட்டி இறந்திருக்கிறார்.

கேள்வி மாறியும் தப்பித்துப் போகிறது பாருங்கள், அதே பெங்களூரு அப்பாக்களின் பிள்ளை.

அவள் டிசியைக் கொண்டுவந்தாள். முழுக்கக் கன்னடம். கிருஷ்ணகிரியில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தமிழில் எழுதினேன். பள்ளி பெயருக்கு மேல் 'சர்க்காரி' என்று இருக்கிறது, அதற்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தருமபுரி கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்துவிட்டு வந்தாள். மனு நம்பரை என் கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் கடைக்குள் வந்தால் முதலில் அந்தச் சுவரைப் பார்ப்பாள், அப்புறம்தான் என்னைப் பார்ப்பாள். நான் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டுவேன். 'நடவடிக்கையில் உள்ளது' என்று வரும். சரிக்கா, அடுத்த வாரம் வர்றேன் என்பாள்.