ஏஐ செய்தியில் சதவீதம் வந்தால் எதைத் தேட வேண்டும்

2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் வெளிவந்தபோது ஊடகங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி ஒன்று: அமெரிக்க வழக்கறிஞர் தகுதித் தேர்வில் அது முதல் 10 சதவீதத்தினருக்குள் வந்துவிட்டது. அந்த ஒப்பீடு பிப்ரவரி மாதத் தேர்வு எழுதியவர்களை வைத்துச் செய்யப்பட்டது. பிப்ரவரியில் எழுதுகிறவர்களில் கணிசமானோர் ஜூலையில் தோற்று மறுபடி வருகிறவர்கள். முதல்முறை எழுதுகிறவர்களோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 62ஆவது சதமானத்தில்தான் (அதாவது நூற்றில் சுமார் 62 பேரை முந்திய இடத்தில்) நிற்கும், கட்டுரை வினாக்களில் மட்டும் பார்த்தால் 42 என்று பின்னர் வந்த மறுஆய்வு கணக்கிட்டது. விடைத்தாள் அதேதான். யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது மாறியதும் இடமும் மாறிவிட்டது.

இந்தத் துறைச் செய்திகளில் அப்பட்டமான பொய் எண்கள் அரிது. எண் சரியாகவே இருக்கும். எத்தனை கேள்விகளில், எத்தனை முயற்சியில், எவ்வளவு செலவில், யாரோடு ஒப்பிட்டு என்பவை தலைப்பில் இருக்காது. மிகைப்படுத்தலைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு மூலத்துக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அதில் இணைத்திருக்கும் தொழில்நுட்ப அறிக்கையையோ ஆய்வுக் கட்டுரையையோ திறந்து பாருங்கள். சுருக்கத்தைத் தாண்டி அட்டவணைகள், அவற்றின் அடிக்குறிப்புகள், ‘வரம்புகள்’ பகுதி, பின்னிணைப்பு என்ற வரிசையில் படித்தால் அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபடும். அறிக்கையே இல்லாமல் வரைபடம் மட்டும் போட்டிருந்தால் அதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கேள்விகளின் எண்ணிக்கை. ஏஐஎம்இ என்ற, அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான கணிதத் தேர்வின் ஒரு தாளில் 15 கேள்விகள். ஆண்டுக்கு இரண்டு தாள். 83.3இலிருந்து 86.7க்கு உயர்ந்தது என்றால் 30இல் 25 சரி என்பது 26 ஆனது, அவ்வளவுதான். நிரல் எழுதும் திறனுக்கு நெடுநாள் பயன்பட்ட ஹியூமன்இவால் என்ற தேர்வில் 164 கணக்குகள். மதிப்பெண் தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உதவும்: சரியானவற்றின் பங்கையும் தவறானவற்றின் பங்கையும் பெருக்கி, கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிப்பாக்குங்கள். 80 சதவீத மதிப்பெண்ணுக்கு 0.8 × 0.2 ÷ 164, வர்க்கமூலம் 0.031, இரட்டித்தால் சுமார் 6 புள்ளி. அதாவது 80 என்பது ஏறத்தாழ 74 முதல் 86 வரை எங்கும் இருக்கலாம். இப்படிப்பட்ட தேர்வில் இரண்டு புள்ளி முந்தியதை வைத்து ஒரு மாடலை வெற்றியாளர் என்று அறிவிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது முயற்சிகளும் செலவும். ஒரே தடவை கேட்டு வந்த பதிலா, 64 பதில் வாங்கி அதிகம் திரும்பி வந்ததை எடுத்துக்கொண்டதா? வரைபடத்தில் பட்டையின் மேல்பகுதி மங்கலான நிறத்தில் இருந்தால் அடிக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கூடுதல் உயரம் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். 2024 டிசம்பரில் ஓபன்ஏஐயின் ஓ3 மாடல் ஏஆர்சி-ஏஜிஐ என்ற புதிர்த் தேர்வில் 87.5 சதவீதம் எடுத்ததாகச் செய்தி வந்தது. செலவு வரம்புக்குள் ஓட்டியபோது அது எடுத்தது 75.7. 87.5 எடுக்கச் செலவான கணினித்திறன் அதைப்போல் சுமார் 172 மடங்கு. இரண்டுமே பெரிய சாதனைதான், ஆனால் நீங்கள் வாங்கிப் பயன்படுத்தப்போவது எது என்ற கேள்விக்கு 87.5 பதில் சொல்லாது.

சோதித்த மாடலும் வெளியிட்ட மாடலும் ஒன்றுதானா என்பதையும் கேட்க வேண்டும். 2025 ஏப்ரலில் மெட்டாவின் லாமா 4 மேவரிக் மாடல், பயனர்கள் வாக்களிக்கும் எல்எம்அரீனா பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பட்டியலில் ஏறியது உரையாடலுக்கெனச் சீராக்கிய சோதனைப் பதிப்பு; பொதுமக்கள் தரவிறக்கியது வேறு. காணொளிகளிலும் இதே சிக்கல் உண்டு. 2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி மாடலைப் பற்றிக் காட்டிய காணொளியில் அந்த மாடல் நேரலையில் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. உண்மையில் நிலைப்படங்களையும் எழுத்துக் கட்டளைகளையும் கொடுத்து வாங்கிய பதில்கள் அவை, காத்திருப்பு நேரமும் வெட்டப்பட்டிருந்தது. இடைவெட்டின்றி, கடிகாரம் தெரிய, ஒரே காட்சியாக எடுக்கப்படாத எந்தச் செய்முறைக் காணொளியையும் வேகத்துக்கான சான்றாகக் கொள்ள வேண்டாம்.

கேள்விகள் மாடலைப் பயிற்றுவித்த தரவில் ஏற்கெனவே இருந்திருக்குமோ என்ற ஐயத்தை வீட்டிலிருந்தே ஓரளவு சோதிக்கலாம். அறிவிப்பில் காட்டிய எடுத்துக்காட்டுக் கணக்கில் பெயர்களையும் எண்களையும் மாற்றி ஐந்து வடிவம் எழுதுங்கள். ஒன்றில் விடைக்குத் தேவையே இல்லாத ஒரு வரியைச் சேருங்கள். ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில் கேளுங்கள். பழைய உரையாடலில் கேட்டால் முந்தைய விடை அடுத்ததைப் பாதிக்கும். 2024இல் ஆப்பிள் ஆய்வாளர்கள் பள்ளிக் கணக்குகளில் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். தேவையற்ற வரி சேர்ந்ததும் பல மாடல்களின் மதிப்பெண் கடுமையாகச் சரிந்தது.

மருத்துவச் செய்திகளில்தான் இந்தக் கவனம் மிக அவசியம், ஏனென்றால் அங்கே தவறின் விலை உயிர். “90 சதவீதத் துல்லியம்” என்று படித்தால், நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். 10,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று கொள்வோம். நோயாளிகளில் 90 சதவீதத்தையும் நோயற்றவர்களில் 90 சதவீதத்தையும் கருவி சரியாகச் சொல்கிறது. 90 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். கூடவே 990 பேருக்கு வீண் எச்சரிக்கை. எச்சரிக்கை வந்தவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 8 சதவீதத்துக்கும் சற்று மேல்தான்.

நடைமுறையிலும் இதுவே நடந்தது. குருதி நச்சுத்தன்மையை (செப்சிஸ்) முன்கூட்டிச் சொல்ல அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக ஓடிய எபிக் நிறுவனக் கருவியை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகளின் தரவில் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது. அதே ஆண்டு, கோவிட்டை நெஞ்சுப் படங்களிலிருந்து கண்டறியும் மாடல்கள் பற்றிய 62 ஆய்வுகளை நுணுகிப் பார்த்த குழு, ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தேறாது என்றது. காரணங்களில் ஒன்று தெளிவானது: சில தரவுத்தொகுப்புகளில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை, கோவிட் இல்லாதவை குழந்தைகளுடையவை. மாடல் நோயைக் கற்காமல் வயதைக் கற்றுவிடலாம். ஆகவே வேறொரு மருத்துவமனையின் தரவில் சோதித்தார்களா என்ற ஒரு கேள்வியே பல செய்திகளை வடிகட்டிவிடும்.

எல்லாவற்றையும் ஒதுக்கித்தள்ளுவதும் அதே அளவு பிழை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2020இல் நம்பப்பட்டதற்குக் காரணம் சோதனையின் அமைப்பு: சோதனைக்குக் கொடுத்த புரதங்களின் வடிவம் அப்போது வெளியாகியிருக்கவில்லை, மதிப்பிட்டவர்கள் வெளியார். சுவீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் செய்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், ஏஐ உதவியால் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டறிதல் குறையவில்லை. 2024 சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் கூகுள் டீப்மைண்ட் எடுத்த வெள்ளித் தரத்துக்கு, கணக்குகளை மனிதர்கள் கணினி சரிபார்க்கக்கூடிய முறைசார் மொழியில் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. சிலவற்றுக்கு மூன்று நாள்வரை ஆனது. அடுத்த ஆண்டே சாதாரண மொழியில், போட்டி நேரத்துக்குள், 42க்கு 35 வாங்கித் தங்கத் தரத்தை எட்டினார்கள். முதல் ஆண்டின் அடிக்குறிப்பைப் படித்தவருக்குத்தான் இரண்டாம் ஆண்டின் பாய்ச்சல் எவ்வளவு பெரிதென்று புரியும்.

ஏஐக்கு எதிரான செய்திகளையும் இதே கண்டிப்போடு படிக்க வேண்டும். “ஏஐ நிரலாளர்களை மெதுவாக்குகிறது” என்று 2025 ஜூலையில் பரவியது, ஏஐ மாடல்களைச் சோதிக்கும் எம்இடிஆர் அமைப்பின் ஆய்வு. ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. செய்தவர்களோ 20 சதவீதம் வேகமானதாக நினைத்தார்கள். ‘எனக்கு வேகமாகத் தெரிகிறது’ என்ற சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால் பங்கேற்றவர்கள் 16 பேர், வேலைகள் 246, எல்லோரும் தங்களுக்கு நெடுநாள் பழக்கமான பெரிய திறந்தமூலத் திட்டங்களில் வேலை செய்தவர்கள், கருவிகள் 2025 தொடக்கத்தில் இருந்தவை. பழக்கமில்லாத நிரலில் கைவைக்கும் புதியவரைப் பற்றி அந்த 19 எதையும் சொல்வதில்லை.